பிசினஸ் கிளாஸா, லவுஞ்ச் மட்டும் போதுமா? பெங்களூரிலிருந்து சுற்றுலா கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் விமான டிக்கெட் எடுக்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அல்சூரில் இருக்கும் சித்தி, கே.ஆர்.புரம் மாமா, ஓசூரிலிருந்து வந்து பெங்களூரில் விமானம் ஏறும் மச்சான் என்று எல்லாரும் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான். "இத்தனை வருஷம் எகானமியில முட்டியை மடக்கிட்டுப் போயாச்சு. இந்த ஒரு தடவை பிசினஸ்ல போகலாமா?" அந்தக் கேள்விக்கு ஒரு வாலும் உண்டு: "லவுஞ்ச் எல்லாம் இருக்குமாமே?" விமானம் ஏறும்வரை சாப்பாட்டோடு வசதியாகக் காத்திருக்கும் தனிக் கூடம்தான் இந்த லவுஞ்ச்.

அந்த வாலில்தான் பலருக்குப் பணம் போகிறது. ஆபீஸ் செலவில் போகிறவருக்குக் கவலையில்லை. கல்யாண நாளுக்கு சுவிட்சர்லாந்து, ரிட்டயரான பிறகு லண்டன், பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா என்று சொந்தக் காசில் போகிறவர், இருக்கைக்கும் லவுஞ்சுக்கும் தனித்தனியாக விலை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே டிக்கெட்டில் வருவதால் ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறோம். இருக்கை வாங்குவது தூங்க. லவுஞ்ச் வாங்குவது காத்திருக்க. உங்கள் பயணத்தில் எது அதிகம் என்று பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் படி: தூங்க முடிகிற மணி எத்தனை?

விமானத்தில் எத்தனை மணி நேரம் உட்காருகிறோம் என்பது முக்கியமில்லை. எத்தனை மணி தூங்க முடியும் என்பதுதான் கணக்கு. நான் போடுவது ரொம்ப எளிய கணக்கு. மொத்தப் பறக்கும் நேரத்திலிருந்து 3 மணியைக் கழித்துவிடுங்கள். ஏறி உட்கார்ந்து, மேலே கிளம்பி, சாப்பாடு வந்து, தட்டை எடுத்துப் போவதற்குள் ஒன்றரை மணி போய்விடும். இறங்குவதற்கு முன் விளக்கைப் போட்டு, காலை உணவு கொடுத்து, இருக்கையை நிமிர்த்தச் சொல்வதில் இன்னொரு ஒன்றரை மணி. மிச்சம் இருப்பதுதான் உங்களுக்குப் படுக்கை.

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் சுமார் நாலரை மணி நேரம். மூன்றைக் கழித்தால் ஒன்றரை மணி. துபாய் கிட்டத்தட்ட 4 மணி; கழித்தால் மிச்சம் ஒரு மணி. இதற்காகப் படுக்கையாக விரியும் இருக்கைக்குப் பணம் கட்டுவது, பெங்களூர் கன்டோன்மென்டில் ஏறி பங்காருப்பேட்டையில் இறங்க ஸ்லீப்பர் எடுப்பதுபோல. லண்டனோ பிராங்க்பர்ட்டோ என்றால் ஒன்பதரை, பத்து, பத்தரை மணி. தூங்க ஆறு, ஏழு மணி கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ போல 16, 17 மணி நேரப் பறப்பு என்றால் இரண்டு தூக்கமே போடலாம்.

அப்புறம், கிளம்பும் நேரத்தையும் பாருங்கள். பெங்களூரிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிற விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. அதிகாலை 3 மணி விமானத்துக்கு முந்தின நாள் இரவு 10 மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பி, ஹெப்பால் மேம்பாலத்தில் கொஞ்சம் தவம் இருந்து, சாதஹள்ளி டோலைத் தாண்டிப் போய்ச் சேரும்போதே உடம்பு கெஞ்ச ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் ஏறுகிறவருக்குப் படுக்கை உண்மையிலேயே வரம். திரும்பி வரும்போது கதை வேறு. ஐரோப்பாவில் பகலில் ஏறி, இரண்டு படம் பார்த்துவிட்டு, நம் ஊர் நள்ளிரவில் இறங்கி, நேராக வீட்டுக் கட்டிலில் போய் விழலாம். அந்தப் பகல் பயணத்துக்குப் படுக்கை எதற்கு?

அதனால் நான் பெரும்பாலும் சொல்வது, போகும்போது பிசினஸ், வரும்போது எகானமி அல்லது பிரீமியம் எகானமி (இரண்டுக்கும் நடு வகுப்பு). ஒரே டிக்கெட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு வகுப்பைப் பல நிறுவனங்கள் தருகின்றன. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியும். கேட்டால் டிராவல் ஏஜென்டும் போட்டுத் தருவார். கேட்காதவரை யாரும் சொல்வதில்லை.

இப்போது விலை. சும்மா உதாரணத்துக்கு எண்களை வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்கு ஒரு வழி எகானமி 40,000, பிசினஸ் 1,30,000 என்றால் வித்தியாசம் 90,000. தூங்க 7 மணி கிடைத்தால் ஒரு மணித் தூக்கம் கிட்டத்தட்ட 12,900 ரூபாய். சிங்கப்பூருக்கு வித்தியாசம் 35,000 என்று மலிவாகத் தெரிந்தாலும், ஒன்றரை மணித் தூக்கத்துக்கு வகுத்தால் மணிக்கு 23,000 ரூபாய்க்கு மேல். சின்னத் தொகையாகத் தெரிவதுதான் கையைக் கடிக்கும். இந்த மணிக்கணக்கைச் சொன்ன அன்றைக்கு மாமா சிங்கப்பூர் பிசினஸை விட்டுவிட்டு, அந்தக் காசை மரீனா பே பக்கம் நல்ல ஓட்டலில் போட்டார்.

இரண்டாம் படி: லவுஞ்சை மூன்றாகப் பிரியுங்கள்

கிளம்பும் ஊர், நடுவில் மாறும் ஊர், போய்ச் சேரும் ஊர் என்று லவுஞ்ச் மூன்று வகை. மூன்றுக்கும் மதிப்பு ஒன்றல்ல.

முதலில் நம் ஊர். கெம்பேகவுடா விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தது. டெர்மினல் 2 திறப்பு விழா 2022 நவம்பர் 11. வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பரில் அங்கே மாறின. மூங்கில் கூரையும், மேலிருந்து தொங்கும் தோட்டங்களுமாக, உட்கார்ந்து பார்க்கவே நன்றாக இருக்கிற கட்டடம். லவுஞ்சுக்குப் பெயர் 080. நம் பழைய எஸ்.டி.டி. கோடுதான். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

ஆனால் கவனியுங்கள். பெங்களூரிலிருந்து பறக்கும் வெளிநாட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே சொந்த லவுஞ்ச் கிடையாது. பிசினஸ் பயணிக்கு ஒரு அழைப்புச் சீட்டைக் கொடுத்துப் பொது லவுஞ்சுக்கு அனுப்புகிறார்கள். அதே லவுஞ்சுக்குத்தான் கிரெடிட் கார்டோடு வந்த பிரயாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் அட்டையைக் காட்டி எகானமி பயணியும் நுழைகிறார். இரவு ஒரு மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள். வரவேற்பு மேஜையில் வரிசை. உள்ளே பக்கத்து மேஜையில் பட்டுப் புடவையோடு ஒரு பாட்டி, மடியில் தூங்கும் பேத்தி, தட்டில் பாதி ஆறிய இட்லி. அந்தப் பக்கம் லேப்டாப்பை மூடாத ஐ.டி. பையன். சார்ஜர் போட இடம் தேடி சுவரோரமாகக் குனிந்து நடக்கும் ஒருவர். இதில் யார் இரண்டு லட்சம் கொடுத்தவர், யார் இருபதாயிரம் கொடுத்தவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே கிளம்பும் ஊர் லவுஞ்சுக்காக பிசினஸ் டிக்கெட்டில் ஒரு ரூபாய்கூட மதிப்பு போடாதீர்கள்.

நடுவில் மாறும் ஊரில்தான் லவுஞ்சுக்கு உயிர் வருகிறது. தோஹாவில் கத்தார் ஏர்வேஸின் அல் மூர்ஜான் லவுஞ்ச் சுமார் 10,000 சதுர மீட்டர். ஒரு கல்யாண மண்டபத் தெருவையே உள்ளே வைக்கலாம். துபாய் டெர்மினல் 3-ல் ஏ380 விமானங்களுக்காக 2013-ல் திறந்த கட்டடத்தில், எமிரேட்ஸ் லவுஞ்ச் ஒரு மாடி முழுக்க நீள்கிறது; அங்கிருந்தே நேராக விமானத்துக்குள் போகும் வசதியும் இருக்கிறது. நடுவில் ஐந்தாறு மணி நேரம் இருக்க வேண்டும், கூடவே வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கிறது என்றால் இந்த லவுஞ்சுகளின் மதிப்பு சட்டென்று ஏறும். குளியலறை, சாய்வு நாற்காலி, சத்தமில்லாத மூலை, எப்போதும் சூடான சாப்பாடு. இதுவே ஒன்றரை மணி நேர மாற்றம் என்றால்? இறங்கி, செக்யூரிட்டி முடித்து, கேட்டுக்கு நடப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். லவுஞ்சின் கதவைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

சிங்கப்பூர் சாங்கி ஒரு விதிவிலக்கு. பட்டாம்பூச்சித் தோட்டமும், கால் நீட்டிச் சாய இலவச நாற்காலிகளும் எல்லாருக்கும் திறந்திருக்கும் விமான நிலையத்தில் லவுஞ்ச் இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. விமான நிலையம் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு லவுஞ்சின் மதிப்பு கூடும். விளம்பரத்தில் வருவது எல்லாமே ஏற்கெனவே நல்ல விமான நிலையங்களின் லவுஞ்சுகள்தான் என்பது ஒரு வேடிக்கை.

மூன்றாவது, போய்ச் சேரும் ஊர் லவுஞ்ச். நம் ஆட்கள் இதை மறந்தே போகிறார்கள். காலை 6 மணிக்கு இறங்கினால் ஓட்டல் அறை மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் குளித்து, துணி மாற்றி, ஒரு காபி குடிக்க இடம் கிடைத்தால் முதல் நாளே ஊரைச் சுற்றலாம். லண்டன் ஹீத்ரோ டெர்மினல் 5-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அப்படி ஒரு வருகை லவுஞ்ச் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் காலையில் மட்டும் இயங்குபவை. உங்கள் விமானம் மதியம் இறங்கினால் பயனில்லை.

மதிப்பு போட வேண்டிய லவுஞ்சுக்கு நான் போடும் விலை, ஆளுக்கு ஒரு நுழைவுக்கு 2,500 ரூபாய். அதற்கு மேல் தரமாட்டேன். சாப்பாடு, குளியல், நாற்காலி எல்லாம் அதில் அடங்கிவிட்டது. இரண்டு பேர், போக வர ஆளுக்கு நாலு நுழைவு என்றால் 20,000. அதே இரண்டு பேருக்கு பிசினஸ் வித்தியாசம் மூன்று, மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லவுஞ்ச் என்பது அந்தத் தொகையில் ஊறுகாய் அளவுதான். ஊறுகாய்க்காக யாரும் விருந்துக்குப் போவதில்லையே.

மூன்றாம் படி: டிக்கெட்டின் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

பிசினஸ் டிக்கெட் என்றால் லவுஞ்ச் உண்டு என்று நம்பி, ஒருமுறை நான் நன்றாக அசடு வழிந்தேன். நடுவில் மாறும் ஊரில் நாலு மணி நேரம். மனைவியை அழைத்துக்கொண்டு ராஜா மாதிரி லவுஞ்ச் வாசலுக்குப் போனால், போர்டிங் பாஸை மெஷினில் வைத்ததும் சிவப்பு விளக்கு. அந்தப் பெண் மிக மரியாதையாகச் சொன்னார்: "உங்கள் கட்டண வகையில் லவுஞ்ச் சேராது." எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, தளத்தில் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. திரும்பி வரும்போது மனைவி, "பரவாயில்லைங்க, காபி நான் வாங்கித் தரேன்" என்றாள். அந்தக் காபியின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சில வருஷங்களாகவே பிசினஸ் கிளாஸிலும் மலிவு வகைகள் வந்துவிட்டன. எமிரேட்ஸில் அடிமட்ட பிசினஸ் கட்டணத்துக்கு ஸ்பெஷல் என்று பெயர் வைத்து 2019 முதல் விற்றார்கள். லவுஞ்சும் வீட்டுக்கு வரும் காரும் அதில் சேராது. கத்தாரும் 2020-ல் லைட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பின்லாந்தின் பின்ஏர் போன்றவையும் இதே வழியில் போயின. இருக்கை, சாப்பாடு எல்லாம் அதேதான். முதல் இரண்டு படிகளின் கணக்குப்படி பார்த்தால் இந்த மலிவு வகைதான் பல சுற்றுலாப் பயணிகளுக்குச் சரியான டிக்கெட்! லவுஞ்ச் இல்லாததைத் தெரிந்து வாங்கினால் லாபம், தெரியாமல் வாங்கினால் அசடு. ஆனால் தேதி மாற்றும் கட்டணத்தையும் ரத்துக் கட்டணத்தையும் கூடவே பாருங்கள். அங்கேதான் மலிவு வகை கடிக்கும்.

இன்னொன்று, கூட்டு டிக்கெட். ஒரு நிறுவனம் விற்கும், வேறு நிறுவனம் பறக்கும். டிக்கெட்டில் சின்ன எழுத்தில் 'ஆபரேட்டட் பை' என்று இருக்கும் பெயர்தான் உங்கள் நாற்காலியைத் தீர்மானிக்கிறது, மேலே பெரிதாகப் போட்டிருக்கும் லோகோ இல்லை. டெல்லி, மும்பை வழியாகப் போகிற டிக்கெட் என்றால் பெங்களூரிலிருந்து அங்கே போகும் உள்நாட்டுப் பகுதி எந்த வகுப்பு என்றும் பாருங்கள். சின்ன விமானத்தில் பிசினஸ் என்பது இரண்டிரண்டாகப் போட்ட அகலமான சாய்வு நாற்காலி, அவ்வளவுதான். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு அதுவே தாராளம்.

நான்காம் படி: நாற்காலியை எண்ணுங்கள்

முழுக்கத் தட்டையாக விரியும் படுக்கையை பிசினஸ் கிளாஸுக்கு 2000-ல் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ். அதற்கு முன் பிசினஸ் என்றால் பெரிய நாற்காலி மட்டுமே. இருபத்தைந்து வருஷம் ஆகியும் ஒரே நிறுவனத்தில் பழையதும் புதியதும் கலந்து பறக்கின்றன. எமிரேட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஏ380-ன் மேல்தளத்தில் பிசினஸ் வரிசை 1-2-1, அதாவது இரு ஜன்னலோரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு; எல்லாருக்கும் நடைபாதை உண்டு. அதன் பழைய போயிங் 777-களில் 2-3-2. நடு இருக்கை என்ற ஒன்று பிசினஸிலேயே இருக்கிறது. காசு ஒன்றுதான், அனுபவம் வேறு.

அதனால் பணம் கட்டும் முன் இருக்கை வரைபடத்தைத் திறந்து குறுக்கே எத்தனை நாற்காலி என்று எண்ணுங்கள். 1-2-1 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2-2-2 என்றால் தம்பதிக்கு நல்லதுதான். தனியாகப் போகிறவர் ஜன்னலோரம் எடுத்தால் இரவில் பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்டித்தான் பாத்ரூம் போக வேண்டும். 2-3-2 என்றால் பேரம் பேசும் விலை இருந்தால் மட்டும். ஏரோலோபா என்ற தளத்தில் எந்த நிறுவனத்தின் எந்த விமானம், ஜன்னல் எங்கே, கழிவறை எங்கே என்று அளவோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். விமான வகையையும் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். ஊட்டியைவிட மேலே உட்கார்ந்திருப்பதுபோல. ஈரப்பதமும் புதியவற்றில் கொஞ்சம் கூடுதல். இறங்கும்போது தலைவலி, தொண்டை வறட்சி குறைவாக இருப்பதை அம்மாவே கவனித்துச் சொன்னார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எழுபது தாண்டியவர், முட்டி வலி. முதல் முறை பிசினஸில் அழைத்துப் போனபோது படுக்கையை விரித்துக் கொடுத்தேன். 1-2-1 இருக்கைகளில் நிறையவற்றில், கால் நீட்டும் இடம் முன் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, லோயர் பர்த்னு சொன்னியே, இதென்ன காலை எலிப்பொந்துல விடச் சொல்றான்?" என்றார். ஒருக்களித்துப் படுத்து முட்டியை மடக்கித் தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பொந்து பெரிய தொல்லை. பாதி ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "நம்ம சென்னை மெயில் பெர்த்தே தேவலை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரியவர்களுக்கு எடுக்கும்போது நான் முதல் வரிசையைத்தான் தேடுகிறேன். பெரும்பாலான விமானங்களில் முதல் வரிசையில் அந்தக் கால்பெட்டி அகலமாக இருக்கும். பல நிறுவனங்கள் இதைத் தெரிந்துகொண்டு அந்த வரிசைக்குத் தனிக் கட்டணம் போடுகின்றன என்பது வேறு கதை.

சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுகிறேன். சைவம் என்றால் டிக்கெட்டில் 'ஏசியன் வெஜிடேரியன்' என்ற வகையைப் பதிந்துவிடுங்கள், குறைந்தது 24 மணி நேரம் முன்பே. பிசினஸில் மெனு கொடுப்பார்கள், அதில் சைவம் இருக்கும் என்று நம்பிப் போனால் திரும்பி வரும்போது பாஸ்தாவோடு பத்து மணி நேரம்.

ஐந்தாம் படி: நடுவழி உண்டா?

உண்டு, அதுதான் பலருக்கும் பொருந்தும். பிரீமியம் எகானமி. வரிசைகளுக்கு இடையே சுமார் 38 அங்குலம். சாதாரண எகானமியில் 30-லிருந்து 32. இருக்கை கொஞ்சம் அகலம், சாய்வு அதிகம், பெட்டி கூடுதல். லவுஞ்ச் பொதுவாகச் சேராது. நம் உள்நாட்டு வழித்தடங்களில் இதை 2015-ல் முதலில் கொண்டுவந்தது விஸ்தாரா. அது 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. அதே மாதம் இண்டிகோவும் டெல்லி-மும்பை தடத்தில் 'ஸ்ட்ரெச்' என்று, பிசினஸ் வகுப்பு என்றே சொல்லி, இரண்டிரண்டாக 12 பெரிய நாற்காலிகளோடு இறங்கியது. ஆறு, ஏழு மணி நேரப் பகல் பயணத்துக்கு பிரீமியம் எகானமிக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. இரவுப் பயணத்துக்கு அது அரைகுறை. சாய்வு நாற்காலியில் தூங்கிப் பழகியவருக்கு மட்டும்தான்.

லவுஞ்சை மட்டும் தனியே சேர்த்துக்கொள்ள வழிகள் இருக்கின்றன. கார்டுதான் எளிது, ஆனால் பழைய நாட்கள் போய்விட்டன. முன்பு எந்தக் கார்டை நீட்டினாலும் 2 ரூபாய் தேய்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். 2023 கடைசியிலிருந்து பல வங்கிகள், முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் இந்த மூன்று மாதத்துக்கு லவுஞ்ச் என்று மாற்றிவிட்டன. அதாவது டிசம்பர் பயணத்துக்கான செலவை செப்டம்பருக்குள் செய்திருக்க வேண்டும். டிக்கெட்டையே அந்தக் கார்டில் முன்கூட்டி வாங்கிவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது. அப்புறம், உங்கள் கார்டு தருவது உள்நாட்டு லவுஞ்சா, வெளிநாட்டு லவுஞ்சா என்று பாருங்கள். நிறையக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான். குடியேற்றம் தாண்டிய பிறகு அது வெறும் பிளாஸ்டிக். கூட வருகிறவருக்கும் தனிக் கணக்கு. மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு எடுத்து வைப்பது நல்லது.

அடிக்கடி பறப்பவராக இருந்தால், பறக்கப் பறக்கப் புள்ளி சேரும் மைல் கணக்கின் தங்க நிலை இன்னொரு வழி. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு இருந்தால் அந்தக் கூட்டணியில் எகானமியில் பறந்தாலும் லவுஞ்ச் உண்டு, கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். ஆனால் அங்கேயும் படிக்கட்டு இருக்கிறது: சாங்கியில் எகானமியில் வரும் தங்கக்காரருக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்பிளையர் கோல்டு லவுஞ்ச், பிசினஸ் டிக்கெட்காரருக்கு சில்வர்கிரிஸ். முன்னது சாப்பாட்டுக் கூடம், பின்னது வீட்டுக் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு பயணம் போகிற குடும்பம் இந்தத் தங்கத்தைத் துரத்த வேண்டாம்.

ஆறாம் படி: வரியோடு கூட்டுங்கள், ஏலத்தையும் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் எகானமி தவிர்த்த எல்லா வகுப்புக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமானது. எகானமிக்கு 5-தான். பிரீமியம் எகானமியும் 18-க்குள் வந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தளத்தில் முதலில் தெரியும் அடிப்படை விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், கடைசிப் பக்கத்து மொத்தத்தை வைத்து மணிக்கணக்கைப் போடுங்கள்.

எகானமி எடுத்துவிட்டு, பறப்பதற்குச் சில நாள் முன் மின்னஞ்சலில் வரும் மேம்பாட்டு ஏலத்தில் கேட்பதும் ஒரு வழி. காலியாக இருக்கும் பிசினஸ் இருக்கைக்கு நீங்கள் ஒரு தொகை சொல்கிறீர்கள், தோன்றினால் தருவார்கள். இரவுப் பக்கத்துக்கு மட்டும் கேளுங்கள். உங்கள் உச்சத் தொகையை முதல் படிக் கணக்கிலிருந்து முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் கை நம்மையும் மீறி நீளும். கிடைத்தாலும் லவுஞ்ச் சேருமா என்று விதியில் பாருங்கள், மைல்கள் பெரும்பாலும் பழைய எகானமிக் கணக்கில்தான் ஏறும். பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் என்றால் இதை நம்ப வேண்டாம். ஒரு இருக்கையும் மிஞ்சாது.

கடைசிப் படி: பயண நாள்

விமானத்தைக் கடைசி நேரத்தில் மாற்றி, உங்களைக் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் சும்மா போய் உட்கார்ந்துவிடாதீர்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் விதி போட்டிருக்கிறது. உள்நாட்டுப் பயணம் என்றால் வரியோடு டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வர வேண்டும். வெளிநாடு என்றால் 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம். கவுன்டரிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 1-2-1 போய் 2-3-2 வந்தால் இது செல்லாது. வகுப்பு அதேதானே என்பார்கள்.

சக்கர நாற்காலி கேட்டிருக்கும் பெரியவர்கள் இருந்தால், தள்ளிக்கொண்டு போகிறவரிடம் முதலிலேயே லவுஞ்ச் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வழக்கம் நேராக கேட்டுக்குப் போய் விடுவது. அப்படித்தான் ஒருமுறை நான் லவுஞ்சில் தேடிக்கொண்டிருக்க, அம்மா கேட்டில் உட்கார்ந்து பக்கத்து மாமியோடு கொடைக்கானல் பிளம்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

லவுஞ்சுக்குள் போனதும் சாப்பாட்டுப் பக்கம் போகாமல் முதலில் வரவேற்பில் குளியலறைக்குப் பெயர் கொடுங்கள்; வரிசை அங்கேதான். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு கிடையாது. டெர்மினல் 2-ல் கடைசிக் கேட்டுக்கு நடக்கப் பெரியவர்களோடு கால் மணிக்கு மேல் ஆகும். போனில் அலாரம் வைத்துக்கொண்டு, இன்னொரு காபிக்குக் கை போகும்போது எழுந்துவிடுங்கள்.